எட்டுப் பேரில் ஒருவர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. தண்ணீர் மோட்டாரில் காயில் கருகிவிட்டது. மெக்கானிக் "இந்தா வாரேன்" என்றவர் சாயங்காலம் வரை வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நான்கு குடம்.

சுபா நேற்றுப் பெங்களூரிலிருந்து வந்தாள். பத்து நாள் இங்கிருந்தே ஆபீஸ் வேலை. மாடி அறையில் அவளுடைய பழைய மேசையில் லேப்டாப். போன தடவைக்கு இப்போது முகம் இளைப்பு. கேட்டால், "ரிவ்யூ சீசன்ம்மா" என்கிறாள், மாம்பழ சீசன் என்பதுபோல.

வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய், அவருக்குப் பிரஷர் மாத்திரை, மாடி விசிறிக்குக் கண்டன்சர், கொத்தவரங்காய் கிடைத்தால்.

பதினோரு மணிக்கு மோர் கொண்டுபோனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுபா: "எட்டுப் பேரும் குடுத்த வேலைய முடிச்சிருக்காங்க சார். பெறகு எப்படி ஒருத்தர...?" அந்தப் பக்கம் வெகுநேரம் யாரோ பேசினார்கள். கடைசியில் சுபா, "ஓகே. புரியுது. ஒரு பேரு. நான் தாரேன்."

மோரைக் கீழேயே கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

மோட்டார் சரி. மெக்கானிக்குக்கு டீ, அரை மணி நேர அரசியல்.

மதியம் சாப்பாட்டில் சுபாவே சொன்னாள். அவளுக்குக் கீழே எட்டுப் பேர். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் போட வேண்டும், ஐந்து தரங்கள். கடைசித் தரத்தில் ஒருவராவது இருந்தே தீர வேண்டும். அந்தக் கணக்கு மேலிருந்தே வந்துவிடுமாம். மற்ற வருஷங்களில் கடைசித் தரம் என்றால் சம்பள உயர்வு இல்லை, அவ்வளவுதான். இந்த வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர் பேண்டேஜ் துணி ஷெட்டில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். சும்மா இருப்பாரா?

"எங்க தறியில மீட்டர் பெட்டி உண்டு பாப்பா. ஷிப்ட் முடிஞ்சதும் அது சொல்லும், எத்தன மீட்டர் ஓடிச்சுன்னு. இவன் எனக்கு வேண்டியவனா வேண்டாதவனான்னு அதுக்குத் தெரியாது. ஒங்களுக்கு அப்படி ஒண்ணு கெடையாதா?"

"கெடையாதுப்பா. எம்புட்டு எழுதினான்னு எண்ணினா, வளவளன்னு எழுதினவன் கெட்டிக்காரன்னு ஆயிரும். கொஞ்சமா எழுதி நல்லா முடிக்கிறவன்தான் கெட்டிக்காரன்."

"அத யாரு சொல்லுவா?"

"நான்தான்."

"ஒன்னய யாரு சொல்லுவா?"

"எனக்கு மேல ஒருத்தரு."

"அவர?"

"ரசம் ஊத்தவாப்பா?"

நான் டீச்சராக இருந்தபோது போன விடைத்தாள் திருத்தும் முகாமைச் சொன்னேன். என் கைக்கு வரும் தாள்கட்டில் பையன் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஒரு எண் மட்டும். அத்தனை தாளும் தேறினால் அத்தனையும் தேர்ச்சி. இந்தக் கட்டில் ஒன்றையாவது பெயில் ஆக்கு என்று எந்தத் தலைமைத் தேர்வாளரும் என்னிடம் சொன்னதில்லை.

"அது பரீட்சைம்மா. இது கம்பெனி," என்று எழுந்து கை கழுவினாள்.

மார்ச் 6, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன், கண் டாக்டரிடம். இடது கண்ணில் புரை. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். பூக்குழி மிதிக்க நேர்ந்துகொண்ட பெண்கள் மஞ்சள் சேலையில், பஸ் முழுக்க வேப்பிலை வாசம்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சோலையப்பன். என் மாணவன் அய்யனாரின் அப்பா, மம்சாபுரத்துக்காரர். கையில் மருந்துக் கடைப் பை.

"டீச்சர்! எங்கன இம்புட்டு தூரம்? கண்ணுக்கா? நல்லாப் பாத்தாவளா?"

மருமகளுக்கு எட்டாம் மாதமாம். பிரஷர் ஏறி இறங்குகிறதாம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நான் பயந்துட்டேன் டீச்சர். இவன் சிரிக்கான். கம்பெனி இன்சூரன்ஸ் அட்ட இருக்குப்பா, காட்டினாப் போதும், அம்புட்டும் அவிய பாத்துக்கிடுவாவன்னான்."

"அய்யனார் சொகமா இருக்கானா?"

"அவனுக்கென்ன? பகல் பூராம் கதவச் சாத்திக்கிட்டு அந்தப் பொட்டியப் பாத்து இங்கிலீசு. நம்ம ஆடுகூட இப்ப 'ஓகே'ங்குது." அவரே சிரித்துவிட்டு, "ஒங்க மக கிட்டல்லா வேல பாக்கான். எனக்கென்ன கவல? பதினஞ்சாந் தேதி வளைகாப்பு. நீங்க வராம வளையலத் தொட மாட்டோம், சொல்லிட்டேன்."

அதுவரை எனக்கு உறைக்கவில்லை. எட்டுப் பேர் என்று சுபா சொன்னபோது எட்டு என்ற எண்தான் கேட்டது. அய்யனார் அந்த எட்டில் ஒருவன். எட்டு வருஷத்துக்கு முன், எஞ்சினியரிங் முடித்துவிட்டு அவன் சும்மா இருந்தபோது, "கெட்டிக்காரப் பையன், உங்க கம்பெனியில சொல்லிப் பாரேன்" என்று சுபாவிடம் கேட்டவள் நான். தேர்வெழுதி அவனாகத்தான் உள்ளே போனான். மூன்று வருஷமாகச் சுபாவின் குழு. மாதம் ஒரு முறை பெங்களூர், மற்ற நாள் மம்சாபுரம் வீட்டிலிருந்தே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அய்யனார் எப்படி வேல பாக்கான்?"

"ஏம்மா கேக்க?"

"அவுக அப்பாவப் பாத்தேன்."

லேப்டாப்பை மூடினாள். "இதெல்லாம் யாருகிட்டயும் பேசக்கூடாதும்மா. ஒன்கிட்டயும்."

கொடுக்கப்போகும் பெயர் எது என்று நான் கேட்கவே இல்லை. அவள் பதில் சொன்ன விதத்தில் பெயர் வந்துவிட்டது.

மார்ச் 7, சனி

காலையில் தானாகவே அடுக்களைக்கு வந்தாள். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அவள் சொன்ன வரிசையில் எழுதிவைக்கிறேன், பின்னால் நானே மாற்றி நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

ஒருவன்: வேறு கம்பெனியிலிருந்து அழைப்பு இருக்கிறது. தொட்டால் அந்தத் தைரியத்தில் சண்டைக்கு வருவான்.
ஒருத்தி: இப்போதுதான் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவள். தொட்டால் கேஸ்.
ஒருவன்: சுபாவின் மேலதிகாரியிடம் முன்பு வேலை பார்த்தவன்.
மூன்று பேர்: தினமும் அமெரிக்காவோடு பேசுகிறவர்கள். மேலே எல்லோருக்கும் முகம் தெரியும்.
ஒருவன்: புதியவன். ஆறு மாதம் ஆகவில்லை, கணக்கில் வர மாட்டான்.
எட்டாவது அய்யனார்.

ஏழு பேருக்கும் தப்பிக்க ஒரு காரணம். ஒரு காரணத்திலும் அவர்கள் செய்த வேலையைப் பற்றிப் பேச்சில்லை.

"அவன் வேல மோசமா?"

"யாரு சொன்னா? நல்லாப் பாக்கான். சத்தமில்லாமப் பாக்கான், அதான் வினை. மீட்டிங்ல வாயத் தொறக்க மாட்டான். பேரச் சொன்னா மேல ஒருத்தருக்கும் ஞாபகம் வராது."

"நீ எடுத்துச் சொல்லேன்."

"நானா? என் ஊர்க்காரன், ஒன் ஸ்டூடன்ட், நான் பேரு குடுத்து வந்தவன். போன வருசமே ஒருத்தரு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, ஒங்க ஊர்ல எல்லாருமே நல்லா வேல பாப்பாங்களோன்னு. இவனுக்காக நான் ஒரு வார்த்த பேசினா அது வேற மாதிரி ஆயிரும்."

"ஊர்க்காரனா இல்லாட்டிப் பேசியிருப்பியா?"

கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். பிறகு, "இதப் பாரு," என்று போனை நீட்டினாள். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மற்றவர்கள் எழுதியதை அவள் காட்டவில்லை. "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா, எல்லாப் பட்டமும் போட்டு." அய்யனாருடையது மட்டும் கண்ணெதிரே. ஆங்கிலம். சிறு சிறு வாக்கியங்கள்.

ஜனவரியில் வாடிக்கையாளருக்குப் போன பிழை என்னுடையது. அனுப்பும் முன் சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. இனி திருத்திக்கொள்வேன்.

தனக்குத் தானே நடுத்தரம் போட்டிருந்தான்.

"எட்டுல தன்னயத் தானே கொறச்சுப் போட்டவன் இவன் ஒருத்தன்தான். ஆதாரம் வேணும்னு மேல கேப்பாங்க. நான் தேடவே வேண்டாம். கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துட்டான்."

பால் பொங்கி வழிந்தது, சுபாதான் அடுப்பை அணைத்தாள்.

என் வகுப்பில் ஒரு வழக்கம். காலாண்டுத் தாளைத் திருத்திக் கொடுத்ததும் பிள்ளைகள் தாங்களே மறுபடி பார்க்க வேண்டும். கூட்டலில் குறைத்திருந்தால் கேட்டு வாங்கலாம். கூட்டிப் போட்டிருந்தால், அதை வந்து சொல்கிறவனுக்கே அந்த மார்க். வகுப்பு முழுக்கக் கை தட்டும். பத்தாம் வகுப்பில் அய்யனார் இரண்டு முறை வந்தான். "டீச்சர், ரெண்டு மார்க்கு சாஸ்தி போட்டுட்டீய." இரண்டு முறையும் கை தட்டச் சொன்னேன். இரண்டாம் முறை அவனைப் பெஞ்சில் ஏறி நிற்கச் சொல்லி.

அந்தப் பக்கத்தை எழுதும்போது அவனுக்கு அந்தக் கைதட்டல் கேட்டிருக்குமோ என்னவோ. எனக்கு இன்று முழுக்கக் கேட்கிறது.

இன்னொன்றும் கேட்டேன். கேட்காமல் முடியவில்லை. "ஜனவரின்னா பொங்கலுக்கு நீ இங்கனதான இருந்தே? படியில நின்னு போன்ல பேசினது எனக்குக் காதுல விழுந்துச்சு. செக் பண்ண நேரமில்ல அய்யனார், அனுப்பிரு, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னது நீதான?"

கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

"ஆமா."

"அப்ப அத எழுது."

"எழுதினா அவன் பேரு இருக்க எடத்துல என் பேரு வரும்மா."

மார்ச் 8, ஞாயிறு

வெயில். அவர் சுபாவோடு கடைக்குப் போய்ச் சப்போட்டா வாங்கி வந்தார். எனக்கு எதிலும் ருசியில்லை.

மகளைக் குற்றம் சொல்ல நான் யார் என்று காலையிலிருந்து ஒரு எண்ணம். எழுதிவிடுகிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் மெல்லக் கற்போர் ஐந்து பேர் பட்டியல் கேட்டார். மாலையில் தனி வகுப்பு வைக்கத்தான், நல்ல நோக்கம். என் வகுப்பில் அப்படி மூன்று பேர்தான். மூன்று எழுதிக் கொடுத்தேன். "எல்லா வகுப்பும் அஞ்சு குடுத்துருக்கு டீச்சர், ஒங்க வகுப்பு மட்டும் ஒசத்தியா?" என்றார். ஆபீஸ் ஜன்னலோரம் நின்றபடியே இரண்டு பெயர் சேர்த்தேன். நான்காவது பெயர் கண்ணில் பட்ட ஒரு சேட்டைக்காரன். ஐந்தாவது முத்துமாரி. சராசரியாகப் படிப்பாள். அவள் அம்மா வந்து ஏன் என்று கேட்க மாட்டாள், அதனால்.

தனி வகுப்பு முடிய இருட்டிவிடும். "மக்குப் பட்டியல்" என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். அரையாண்டுக்குப் பிறகு முத்துமாரி வரவில்லை. பேண்டேஜ் துணிக் கட்டுக் கட்டும் வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வருஷம் என் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பாராட்டிப் பொன்னாடை போட்டார்கள்.

சுபாவிடம் இதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால், "நீயும் செஞ்சதான" என்று அவளுக்கு லேசாகிவிடும். சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று அந்தக் கூட்டம். சுபாவைப் போன்ற மேனேஜர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கூடி, யார் எந்தத் தரம் என்று முடிவு செய்வார்கள். பத்து மணிக்கு ஆரம்பம். "மேல வராதம்மா," என்றாள்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். துவைத்த துணியை மொட்டை மாடியில் காயப் போட வேண்டியிருந்தது. உண்மையில் துணி நான்குதான்.

ஒவ்வொரு பெயராக வந்தது. அமெரிக்காவோடு பேசுகிற ஒருவனுக்கு வெகுநேரம், மூன்று நான்கு குரல்கள் புகழ்ந்தன. அய்யனார் பெயரைச் சுபா சொன்னபோது கீழே குக்கர் முதல் விசில். "தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். யாரோ ஏதோ கேட்டார்கள். "இல்லை, எனக்கு மறுப்பில்லை" என்றாள். யாரோ ஒரு வேடிக்கை சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். சுபாவும். மூன்றாவது விசில் வருவதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

நான் பாதித் துணியோடு நின்றேன்.

இரண்டு மணிக்கு இறங்கி வந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நான் பேரு குடுக்கலைன்னா என் மேலதிகாரி குடுப்பாரும்மா. அதே பேரைத்தான் குடுப்பாரு. கூடவே எனக்கும் ஒரு வரி எழுதுவாரு, கடினமான முடிவு எடுக்கத் தெரியாதவள்னு. ரெண்டு பேரு போறதுக்கு ஒருத்தர் போறது மேலில்லயா?"

ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"என்னயக் கெட்டவள்னு நெனைக்கியா?"

"சாப்பிடு," என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

சாயங்காலம் சுபாவை எங்கள் ஊர் ராஜை புது பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டோம். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம் கேட்டாள்.

"வளைகாப்புக்குப் போவியா?"

"வீடு தேடி வந்து கூப்பிடாத கொறையாக் கூப்பிட்டிருக்காரு."

"இருபத்தேழாந் தேதிதான் சொல்லுவோம். அதுவரைக்கும் அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எங்கேருந்து தெரிஞ்சதுன்னு தேடுவாங்க. என் வேல போயிரும்மா. லோன் இருக்கு, பிள்ளை படிப்பு இருக்கு."

என் வாயில் இப்போது இரண்டு பேர் வேலை.

மார்ச் 15, ஞாயிறு

மம்சாபுரம். நானும் அவரும். பந்தல், ஸ்பீக்கர், ஐந்து வகைச் சோறு. பெண்ணின் பெயர் கனகா. கால் வீங்கியிருந்தது, முகம் நிறையச் சிரிப்பு. ஏழாவது ஆளாக என்னை வளையல் போடச் சொன்னார்கள். கை வழுக்கியது. பச்சை வளையல் ஒன்று உடைந்துவிட்டது.

"ஏட்டி, டீச்சர் கை கணக்குப் போட்ட கை, வளையல் போடத் தெரியல," என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அய்யனார் எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ஜன்னலோரம் மேசை, லேப்டாப், மேலே கம்பெனி கொடுத்த ஐந்து வருஷ நினைவுக் கண்ணாடிக் கட்டை.

"ரேட்டிங் எல்லாம் எப்படிப்பா?" என்று அவர் கேட்டுத் தொலைத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"இன்னும் வரல சார். இந்த வருசம் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதனால ரொம்ப எதிர்பாக்கல. நடுவுல வந்தாப் போதும். சுபாக்கா இருக்காங்கல்லா."

வாசலில் செருப்பு மாட்டும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏலே, எதுக்கும் வேற கம்பெனிகளையும் பாத்து வையேன்."

"ஏன் டீச்சர்?"

"சும்மாத்தான். ஒரே எடத்துல எட்டு வருசம் ஆச்சுல்லா."

"பிள்ள பொறக்கட்டும் டீச்சர். இப்ப மாறினா இன்சூரன்ஸ் குழப்பம் ஆயிரும்." சிரித்துக்கொண்டே தாம்பூலப் பையைக் கொடுத்தான். தேங்காய், வாழைப்பழம், ஒரு சில்வர் கிண்ணம்.

நான் காலை மிதித்ததிலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்கும், பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "மீட்டர் பெட்டி இல்லாத வேலைக்கு இந்தப் பிள்ளையைச் சொல்லியிருக்கக் கூடாது நீ," என்றார்.

மார்ச் 27, வெள்ளி

மாத்திரை தீர்ந்தது. பால்காரர் மகளுக்குக் கல்யாணம், இரண்டு நாள் பால் இல்லை.

மதியம் 3.10. சுபாவின் செய்தி: சொல்லியாச்சு.

வேறொன்றும் இல்லை.

மார்ச் 30, திங்கள்

காலையில் அய்யனார் வந்தான். கையில் அட்டைப்பெட்டி. கம்பெனி லேப்டாப்பைக் கூரியரில் திருப்பி அனுப்ப ராஜை வந்தவன். உட்காரச் சொன்னேன். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

பதினைந்து நிமிஷம் நடந்ததாம். ஹெச்.ஆர். ஆள் ஒருவர், சுபா, இவன். "நான் எழுதினதையே வாசிச்சாங்க டீச்சர். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, இங்கிலீசு தப்பில்லாம." சிரித்தான். இன்சூரன்ஸ் அட்டை இந்த மாதத்தோடு சரியாம்.

"சுபாக்கா அழுதுட்டாங்க. நாந்தான் சமாதானம் சொன்னேன். மேல இருந்து வந்துச்சாம். அக்கா எம்புட்டோ பேசிப் பாத்தாங்களாம்."

அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வந்தது வேறு. "ஜனவரித் தப்பு உன் தப்பாலே?"

"அனுப்பினது நான்தான டீச்சர்."

"அனுப்பச் சொன்னது யாரு?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவனுக்கும் எல்லாம் தெரியும் என்று எனக்கும். பெட்டியில் பிரிந்திருந்த டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினான்.

"யாரு சொன்னாலும், செக் பண்ணியிருக்கணும்லா," என்றான்.

"எழுதியிருக்கக் கூடாதுலே நீ. அத நான்தான் உனக்கு..."

"விடுங்க டீச்சர். எழுதினது பொய்யில்லயே."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். கனகாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் பிரஷர் ஏறிவிடும். அப்பாவுக்குச் சொன்னால் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் மேசையில் லேப்டாப் இல்லை. அதனால் கம்பெனி ராஜையில் ஆபீஸ் போட்டிருக்கிறது, தினமும் அங்கே போக வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

"பிரசவம் ஆகுற வரைக்கும் டீச்சர். பகல்ல செத்த எடம் இருந்தாப் போதும். கூட்டாளி ஒருத்தன் பழைய லேப்டாப் தாரேன்னுருக்கான். வேற வேல தேடணும்லா. டீக்கடையில உக்காந்து இன்டர்வியூ பேச முடியல."

மாடி அறை இருக்கிறது என்றேன். அது யார் அறை என்று சொல்லவில்லை. ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவரில் சுபாவின் பட்டமளிப்புப் படம்.

பிரசவத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் தெரிந்த நர்ஸம்மா இருக்கிறார், பார்க்கலாம் என்றான். மதுரை ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

புழுக்கம். கண்டன்சர் மாற்றியும் மாடி விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது. டேபிள் ஃபேன் ஏற்றி வைத்தேன்.

ஒன்பது இருபதுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பேண்ட், ஷூ. கையில் கனகா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ். "ஆபீஸ் முதல் நாள்னு கேசரி வச்சு விட்டிருக்கா டீச்சர்." எனக்கும் ஒரு கரண்டி எடுத்து வைத்தான். அப்படியே மூடி வைத்தேன்.

மாடிக்குப் போனதும் சுவரைப் பார்த்தான். படத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர்," என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

பதினோரு மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டிருந்தான், தெருச் சத்தத்தில் அந்தப் பக்கம் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை போல. "சாரி, கேன் யூ ரிப்பீட்" என்று நான்கு முறை. ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டது எனக்குக் கீழே வரை கேட்டது. அவன் சொன்ன பதில் என் காதில் விழவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுபா போன். சாப்பிட்டாயா, கண் எப்படி, அப்பா மாத்திரை போட்டாரா. பிறகு, "மாடில யாரும்மா பேசுறது?"

"அய்யனார்," என்றேன். "ஒன் மேசையில உக்காந்து வேல தேடுதான். வீட்ல சொல்லல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ரெண்டாவது டிராயர்ல என் பழைய ஹெட்போன் இருக்கும்மா. நல்ல ஹெட்போன். தெருச் சத்தம் உள்ள வராது. அவனுக்குக் குடு." அடுத்த மூச்சில், "நான் சொன்னேன்னு சொல்லாத."

மாடிக்குப் போய் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். தூசி துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல சாமானா இருக்கே. யாருது டீச்சர்?"

"சுபாவுது. இப்பத்தான் போன் பண்ணினா. ஒனக்குக் குடுக்கச் சொன்னா."

தலையாட்டினான். மேசை ஓரத்தில் வயரைச் சுருட்டி ஒழுங்காக வைத்தான். அடுத்த அழைப்பு வந்தது. ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, போனையே காதில் வைத்துக்கொண்டு பேசினான்.